தும்பிவலசுப் பட்டியல்

நான் சொல்லப்போவதை நானே முழுதாக நம்பவில்லை. தும்பிவலசின் தண்ணீர்த் தொட்டிக்கு நீல வண்ணமா, பச்சை வண்ணமா என்று யாராவது கேட்டால் இப்போது என்னால் பதில் சொல்ல முடியாது. சஷ்டிகா முதன்முதலில் என் எதிரே வந்து உட்கார்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை என்பது மட்டும் உறுதி. அதுவரை அந்த ஊரில் யாரும் என் எதிரே வந்து உட்கார்ந்தது செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்தான். மற்றதையெல்லாம் கோப்புகளைப் பார்த்துச் சரிபார்க்கலாம். ஆனால் அந்தக் கோப்புகளை எழுதியவனும் நான்தான்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கே பதிவாளராக இருந்தேன். புதுமாசு ஆணையத்தின் பதிவாளர். ஆணையத்தைப் பற்றி ஒரேயடியாகக் கெடுதலாகச் சொல்ல மாட்டேன். நல்ல எண்ணத்தில்தான் அது பிறந்தது. அதற்கு முன்பெல்லாம் ஆற்றில் புதிதாக ஒரு ரசாயனம் வந்தால் அது நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க இருபது ஆண்டு ஆகும். கெட்டது என்று தீர்ப்பு வரும் வாரத்தில் ஆலைக்காரர்கள் அதில் ஓர் அணுவை மாற்றி வேறு பெயர் வைத்துவிடுவார்கள். மறுபடியும் இருபது ஆண்டு. இதைப் பார்த்துச் சலித்துப்போன யாரோ ஒரு விஞ்ஞானிக்கு ஓர் எண்ணம் வந்தது. பொருளின் பின்னால் ஏன் ஓட வேண்டும்? மனிதர்களைப் பார்த்தால் போதாதா? ஓர் ஊரைத் தேர்ந்தெடுப்போம். அங்கே இருப்பவர்களின் உடம்பை வாராவாரம் அளப்போம். அவர்களுக்குத் தண்ணீரால் நோய் வந்தால் அன்றே மாநிலம் முழுக்க அந்த ரசாயனத்துக்கு அனுமதித்த வரம்பு இறங்கட்டும். அமைச்சர் கையெழுத்து வேண்டாம், நீதிமன்றம் வேண்டாம், இயந்திரமே ஆணை போடும். யாராலும் வளைக்க முடியாத சட்டம். அதற்குத் தாங்குதிறன் நெறிமுறை என்று பெயர் வைத்தார்கள். எதைத் தாங்கும் என்று யாரும் கேட்கவில்லை.

தும்பிவலசு தேர்வானதற்குக் காரணம் அது ஓடையின் கீழ்ப்பக்கத்தில் இருந்தது. மேல்பக்கத்தில் கறை ஒட்டாத துணி தயாரிக்கும் ஆலைகள். அந்தத் துணியை அதிகம் வாங்கியவர்கள் மேடை ஏறுகிறவர்கள். வெள்ளை வேட்டியில் டீயைக் கொட்டினாலும் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். அப்படிக் கறையை உருட்டி விடுகிற பொருள் ஓடை வழியாக இறங்கித் தும்பிவலசின் தொட்டிக்கு வந்தது. ஆணையத்தின் ஏட்டில் அதற்குப் பெயர் கிடையாது, எண்தான்: 3117.

தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கருவி நின்றது. தண்ணீரில் என்ன புதிதாக வந்தாலும் மோப்பம் பிடிக்கும். ஊரில் அதைப் பொட்டி என்பார்கள். முதல் ஆண்டு ஆயுத பூசையன்று பஞ்சாயத்துத் தலைவர் மிதுன், டிராக்டருக்கும் மோட்டாருக்கும் வைத்த கையோடு பொட்டியின் வாயிலும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்துவிட்டார். பொட்டி அலறியது. குங்குமத்தில் இருந்த சாயம் கருவிக்கு ஊறு செய்வது என்று எட்டே நாளில் மாநிலம் முழுக்கத் தடை வந்தது. ஆணையத்தின் வரலாற்றில் அவ்வளவு வேகமாக வேறு எதுவும் தடை செய்யப்படவில்லை. கருவிக்குக் கெடுதல் என்றால் எட்டு நாள். மனிதனுக்குக் கெடுதல் என்றால் நாற்பத்தாறு கேள்விகள். அந்தக் கேள்விகளைக் கேட்பதுதான் என் வேலை.

நான் போய்ச் சேர்ந்த அன்று மாலையே மிதுன் என் வீட்டு வாசலில் இருபது லிட்டர் கேன் ஒன்றை இறக்கி வைத்தார்.

"சார், நீங்க தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளு. எங்க தண்ணி உங்களுக்கு ஒத்துக்காதுங்க" என்றார்.

"வேண்டாம் பிரசிடெண்ட். விதிப்படி நானும் பட்டியல்ல ஒரு பேர். நானூத்திப் பதிமூணாவது பேர். குழாய்த் தண்ணிதான் குடிக்கணும்."

"லிஸ்ட்டுல இருங்க, ஆரு வேண்டாங்கறாங்க? லிஸ்ட்டுல இருந்துக்கிட்டே கேன்ல குடிங்க. விருந்தாளிக்குப் போயிக் குழாத்தண்ணி குடுத்தாங்கன்னு நாளைக்கு நாலு ஊர்ல பேசுவாங்கல்லங்க. எங்களுக்கு அது கேவலமில்லீங்களா?"

நான் மறுபடியும் மறுத்ததாக நினைவில்லை. சனிக்கிழமைதோறும் கேன் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளும் அவர்கள் கண்ணுக்கு நான் விருந்தாளிதான்.

செவ்வாய்க்கிழமைகளில் ஊர் முழுக்க என் அலுவலகத்துக்கு வந்து கைப்பலகையில் கை வைக்கும். பச்சை விளக்கு எரிந்தால் நலம். மஞ்சள் எரிந்தால் நடுக்கமோ, நரம்புத் தளர்ச்சியோ. தொடர்ந்து மூன்று வாரம் மஞ்சள் எரிந்தால் நான் கேள்விகள் கேட்டு, இரண்டில் ஒரு படிவம் அனுப்ப வேண்டும். "தண்ணீரால்" என்பது ஒன்று. "தனிப்பட்ட காரணத்தால்" என்பது மற்றொன்று. முதல் படிவக் கட்டு பிரிக்கப்படாமலே மேசை இழுப்பறையில் கிடந்தது.

ஊரும் அதை விரும்பியது. நுழைவில் பெரிய வளைவு கட்டி, 'மாநிலத்தின் அளவுகோல் தங்களை வரவேற்கிறது' என்று எழுதியிருந்தார்கள். கல்யாணப் பேச்சில் ஜாதகத்தோடு பட்டியல் நகலையும் வைப்பது வழக்கமாகிவிட்டது. "பொண்ணு லிஸ்ட்டுல இருக்குதுங்களா?" என்பதுதான் மாப்பிள்ளை வீட்டாரின் முதல் கேள்வி. அதனால் மஞ்சள் எரிந்தவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள். சிலர் கையைச் சுடுநீரில் முக்கிவிட்டு வந்து வைப்பார்கள். ஒருமுறை அக்காவுக்குப் பதில் தங்கை வந்து கை வைத்தாள். நான் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தேன். அது கருணை என்று அப்போது எனக்குத் தோன்றியது.

சஷ்டிகாவுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. பனியன் கம்பெனியில் துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் டெய்லர். கணவர் இல்லை. ஒரே மகள் நிலானி அதே கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். சஷ்டிகா எதிரே உட்கார்ந்ததும், நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவளே சொன்னாள்.

"மூணாவது மஞ்சளுங்க."

"ஆமாம்."

"ஊசியில நூல் கோக்க முடியறதில்லீங்க. பக்கத்து மிசின் புள்ளையத்தான் கூப்பிடறேன். தண்ணியாலதான்னு எழுதிருவீங்கல்ல?"

"நாப்பத்தாறு கேள்வி இருக்கும்மா. ஒண்ணுக்கு ஆமாம்னு வந்தாலும் எழுத முடியாது."

"கேளுங்க."

வெற்றிலை போடுவதுண்டா, தாய்மாமன் வழியில் யாருக்கேனும் நடுக்கம் உண்டா, இடி விழுந்த மரத்தடியில் நின்றதுண்டா என்று வரிசையாகப் போனேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். பத்தொன்பதாவது கேள்வி: கடந்த ஓராண்டில் மூன்றுக்கு மேற்பட்ட திருமண விருந்துகளில் உண்டதுண்டா?

"மூணா? ஐப்பசியில மட்டும் ஏழுங்க. போகாட்டிச் சண்டைக்கு வந்துருவாங்க."

"அப்ப ஆமாம்னு..."

"போனேனுங்க, திங்கல. பந்தியில உக்காந்து எலையைப் பாத்துப்போட்டு எந்திரிச்சு வந்துட்டேன். இல்லைன்னு போடுங்க."

போட்டேன். முப்பத்தொன்றாவது கேள்விக்கு வந்தோம்.

"கடந்த பத்தாண்டுகளில் மனக்கவலை கொண்டதுண்டா?"

அவள் மேசைமேல் இருந்த கேள்வித்தாளைத் தன் பக்கம் திருப்பி அந்த வரியைப் படித்தாள். 'இல்லை' என்று சொல்லிவிடேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். விதியில் அதற்கு இடமில்லை.

"கவலையில்லாம இருக்கறதுக்கு நான் என்னங்க, உங்க பொட்டியா?" என்றாள் கடைசியில். "இருந்துச்சுங்க. ஆமான்னே போடுங்க. இதுல ஒரு பொய்யச் சொல்லிப்போட்டா என்ற நோவும் பொய்யாப் போயிரும்."

"ஆமாம்னா விலக்கு."

"விலக்குன்னா?"

"உங்க நோய்க்குத் தனிப்பட்ட காரணம்னு அர்த்தம். பட்டியல்லேர்ந்து உங்க பேரை எடுத்துடுவோம்."

"எடுத்துப்போட்டு?"

"மிச்சம் இருக்கறவங்க ஆரோக்கியமா இருக்காங்கன்னு வரும்."

அவள் என்னையே பார்த்தாள். "அதாவதுங்க, நோவு வந்தவங்களை எல்லாம் வெளிய தள்ளிப்போட்டு, உள்ள இருக்கறவங்க ஆருக்கும் நோவே இல்லைன்னு சொல்றது. அப்படித்தானுங்களே?"

"அப்படிச் சொல்லக் கூடாதும்மா."

"பின்ன எப்படிச் சொல்லோணும்?"

விதிப்புத்தகத்தில் இருந்த சொல்லை யோசித்து எடுத்தேன். "சான்றுக் குழுவின் தூய்மையைப் பேணுதல்."

அவள் சிரித்துவிட்டாள். நடுங்குகிற கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் கையெழுத்துப் போட்டேன். என் கை நடுங்கவில்லை. கையெழுத்து எப்போதும்போல அழகாக இருந்தது. இரண்டு வாரத்தில் நிலானிக்குப் பேசி முடித்திருந்த காங்கயத்து மாப்பிள்ளை வீட்டார், நாள் சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். எந்த நாள் என்று சொல்லவில்லை.

அப்போது பட்டியலில் பதினேழு பேர் மிச்சம். அடுத்த ஓராண்டில் அவர்களும் போனார்கள். சிலர் இறந்தார்கள், சிலர் ஊர் மாறினார்கள், மற்றவர்களுக்கு நான் கேள்வி கேட்டேன். மிதுன் கடைசியாகப் போனவர். மூன்றாவது மஞ்சள் எரிந்ததும் அவர் கேள்விகளுக்கே காத்திருக்கவில்லை. "கவலை இருந்துச்சுன்னே போட்டுருங்க சார். பஞ்சாயத்துத் தலைவனுக்குக் கவலை இல்லைன்னா ஊர் சிரிக்கும்" என்றார். ஊருக்குள் இத்தனை பேருக்குக் கை நடுங்குகிறதே என்று கேட்டேன். "அதுக்குன்னு வளைவை இடிச்சிர முடியுங்களா?" என்றார்.

குழுவுக்குக் குறைந்தது இத்தனை பேர் இருக்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. அப்படி ஒரு நிலை வரும் என்று எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

சென்னையிலிருந்து இணை இயக்குநர் அர்ஜித் பாராட்டுக் கேடயத்தோடு வந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். உற்சாகமான மனிதர். உலகின் பல நாடுகளிலிருந்து நம் நெறிமுறையைப் படிக்க வருகிறார்கள் என்றார்.

"பன்னெண்டு வருஷமா நூறு சதவீத ஆரோக்கியம். ஒரு 'தண்ணீரால்' கூட இல்ல. இது எப்பேர்ப்பட்ட சாதனை தெரியுமா?"

"பட்டியல்ல இப்ப ஒருத்தர்தான் சார் இருக்கார்" என்றேன்.

"அப்படியா? யார்?"

"நான்."

அவர் கேடயத்தை மேசையில் வைத்தார். பிறகு அக்கறையோடு கேட்டார். "நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன்."

"அப்ப நூறு சதவீதம்தானே?"

"சார், நான் குழாய்த் தண்ணி குடிக்கறதில்ல. கேன்."

"அதுக்கு ஃபார்ம்ல கட்டம் இருக்கா?"

"இல்ல."

"கட்டம் இல்லாத விஷயத்தை நாமளா ஏன் கிளறணும்?" என்று என் தோளைத் தட்டினார். அவருக்குக் கொடுத்த டீயும் கேன் தண்ணீரில் போட்டதுதான். மிதுனின் மனைவி அதில் கவனமாக இருப்பார்.

அந்த அம்மாள் வழியாகத்தான் விஷயம் சஷ்டிகாவுக்குப் போயிருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை அல்லாத ஒரு பகலில், அவள் வந்து எதிரே உட்கார்ந்தாள். கம்பெனியில் அவளை மெஷினிலிருந்து எடுத்து, பெட்டி மடிக்கிற வேலைக்கு அனுப்பியிருந்தார்கள்.

"லிஸ்ட்டுல நீங்க ஒருத்தர்தான்னு சொன்னாங்க."

"ஆமாம்மா."

"உங்களுக்குக் கை நடுங்குச்சுன்னா, உங்களை ஆருங்க கேள்வி கேப்பாங்க?"

பன்னிரண்டு ஆண்டுகளில் எனக்குத் தோன்றாத கேள்வி. விதிப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாம் பிரிவு, நான்காம் உட்பிரிவு: பதிவாளர் தம்மைத் தாமே விசாரித்தல் ஆகாது.

"யாரும் கேட்க முடியாது" என்றேன். "நான் எழுதினா நேரா ஏறிடும்."

"ஏறுனா?"

"ஒரு பேர் ஏறினா வரம்பு பாதியாகும். பட்டியல்ல பாதிப் பேருக்கு மேல ஏறினா வரம்பு பூஜ்யம். மேல இருக்கற ஆலையெல்லாம் அன்னைக்கே நிக்கும்."

"நீங்க பாதிக்கு மேலயா, கீழயா?"

"நான் முழுசு."

அவள் முன்னால் குனிந்தாள். "எழுதுங்க சார். ரெண்டு வரி. கை நடுங்குது, தண்ணியால. அவ்வளவுதான்."

"எனக்கு நடுங்கலியேம்மா."

"எனக்கு நடுங்குதே! இந்தாங்க, என்ற கையைப் பாத்து எழுதுங்க." கையை நீட்டினாள். மேசைமேல் வைத்ததும் அவள் விரல்களின் கீழே இருந்த காகிதம் சலசலத்தது.

"பொய் எழுத முடியாது."

"முன்னூறு பேத்துக்குத் தனிப்பட்ட காரணம்னு எழுதுனீங்களே, அது என்னங்க?"

"அது அவங்கவங்க சொன்ன பதிலை வச்சு..."

"நான் நெசத்தைச் சொன்னேன் சார். என்ற நெசம் என்னை வெளிய தள்ளிருச்சு. நீங்க ஒரு பொய்யைச் சொல்லுங்க. அது ஊரைக் காப்பாத்துதான்னு பாப்போம்."

விதிப்புத்தகத்தை மறுபடி புரட்டினேன். யோசித்துக்கொண்டிருந்தேன் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால், எப்படி நல்லவனாகவும் இருந்துகொண்டு எழுதுவது என்று வழி தேடிக்கொண்டிருந்தேன் என்று தோன்றுகிறது. வழி கிடைத்தது.

"இன்னைலேர்ந்து நான் குழாய்த் தண்ணி குடிக்கறேன். நடுக்கம் வரட்டும். வந்த அன்னைக்கே எழுதறேன். அப்ப அது உண்மையா இருக்கும்."

சஷ்டிகா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எத்தனை நாளாகுங்க?"

"தெரியல. நான் வெளியூர் உடம்பு. சீக்கிரமே வரலாம்."

"உங்களுக்கு நோவு வர்ற வரைக்கும் நாங்க குடிச்சுக்கிட்டே இருக்கோணும். அப்படித்தானுங்களே?" எழுந்தாள். "சரிங்க. மாரியாத்தாகிட்ட வேண்டிக்கறேன்." என்னவென்று வேண்டிக்கொள்வாள் என்று நான் கேட்கவில்லை.

அந்த வாரம் கேனைத் திருப்பி அனுப்பினேன். மிதுன் ஓடி வந்தார். "எங்க மேல எதுனா வருத்தங்களா சார்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

குழாய்த் தண்ணீருக்கு ருசி இல்லை. வாசனையும் இல்லை. அதில் ஒன்றும் இல்லை என்று சத்தியம் செய்யலாம். செவ்வாய்தோறும் அலுவலகத்தைத் திறந்து, வரிசையில் நிற்க யாரும் இல்லாத அறையில் என் பெயரை நானே பதிவேட்டில் படித்து, என் கையை நானே பலகையில் வைத்தேன். பச்சை. அடுத்த வாரமும் பச்சை. இரண்டு மாதம், நான்கு மாதம். இவ்வளவு ஆரோக்கியமாக இருப்பதற்காக என் மேல் எனக்கே எரிச்சல் வந்தது. தெருவில் போகும்போது பெண்கள் என் கையைப் பார்த்தார்கள்.

ஆறாவது மாதம் நிலானி ஒரு நாள் மதியம் அலுவலகத்துக்கு வந்தாள். அம்மாவுக்குத் தெரியாமல் வந்திருந்தாள். கைப்பலகையில் கை வைக்கலாமா என்று கேட்டாள். "நீ பட்டியல்ல இல்லையேம்மா, போன வருஷமே ஊர் மாறப் போறேன்னு பேரை எடுத்துக்கிட்டியே" என்றேன். காங்கயத்துக்குப் போகிறவள் என்று, சம்பந்தம் முறிவதற்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தாள். "தெரியுமுங்க. சும்மா பாத்துக்கறேன்" என்றாள். வைத்தாள். மஞ்சள் எரிந்தது.

"அம்மாகிட்டச் சொல்லிராதீங்க" என்றாள். அவள் போன பிறகு படிவக் கட்டை இழுப்பறையிலிருந்து எடுத்துப் பிரித்தேன். பேனாவையும் எடுத்தேன். என் கையைப் பார்த்தேன். அது அசையாமல் இருந்தது. கட்டை மறுபடி உள்ளே வைத்துவிட்டேன். அன்று இரண்டு சொம்பு தண்ணீர் கூடுதலாகக் குடித்தேன். அதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

பத்து மாதம் முடிந்து பதினொன்றாவது மாதம் பிறந்ததும் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. மூன்று செவ்வாய், மூன்று மஞ்சள். வாழ்நாளில் எந்தத் தேர்விலும் தேறியபோது வராத மகிழ்ச்சி. சஷ்டிகாவுக்கு ஆள் அனுப்பினேன். அவள் வந்து எதிரே உட்கார்ந்தாள். அதற்குள் மகள் விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது. என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

'தண்ணீரால்' படிவத்தில் முதல் தாளை எடுத்து நிரப்பினேன். பெயர், வயது, நோய், காரணம். என் கையெழுத்து கோணலாக விழுந்தது.

"முடிஞ்சுதுங்களா? அனுப்பிருங்க."

"ஒரு கட்டம் மிச்சம் இருக்கு. பிற விவரம்."

"அது கண்டிப்பா எழுதோணுங்களா?"

"கண்டிப்பில்ல. ஆனா கட்டத்தைக் காலியா விடக் கூடாது. அது வழக்கமில்ல."

"இல்லைன்னு போட்டுருங்க."

"இருக்கே" என்றேன்.

முப்பது ஆண்டு அரசுப் பணியில் நான் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டவன் இல்லை. நடுங்குகிற கையால், உண்மையை ஒன்று விடாமல் எழுதினேன்: பதிவாளர் இதற்கு முன் கேன் தண்ணீர் அருந்திவந்தார். குழாய்த் தண்ணீர் அருந்தத் தொடங்கிய தேதி இது. நடுக்கம் தொடங்கிய தேதி இது. அதுவரை எல்லா வாரமும் பச்சை. தேதிகளை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு அனுப்பினேன்.

நான்கு நிமிடத்தில் ஆணை வந்தது. யாராலும் வளைக்க முடியாத சட்டம், தன் முதல் 'தண்ணீரால்' படிவத்தைப் படித்து, தானே எழுதிய ஆணை. திரையிலிருந்து சஷ்டிகாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"சான்றுக் குழுவில் நூறு விழுக்காட்டினர், பொருள் 3117 கலந்த நீரைத் தொடர்ந்து பத்து மாதங்கள் அருந்தியும் எவ்வித ஊறும் அடையவில்லை என்று மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. எனவே, பத்து மாதங்களுக்கு மிகாத பயன்பாட்டுக்கு இப்பொருளுக்கு வரம்பு தேவையில்லை. எந்த வீட்டுக்கும் தொடர்ந்து பத்து மாதங்களுக்கு மேல் இந்நீரை வழங்கக் கூடாது. பத்தாம் மாத இறுதியில் இணைப்பைத் துண்டித்து, மறுநாள் புதிய இணைப்பாக வழங்க வேண்டும்."

படித்து முடித்ததும் எனக்கே புரியவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பிரேக் குடுக்கறாங்க" என்றாள்.

"என்ன?"

"கம்பெனியில அப்படித்தானுங்க. பர்மனெண்ட் கேட்டுருவோம்னு, பத்து மாசத்துக்கு ஒருக்கா ஒரு நாளு நிறுத்திப்போட்டு, மறுநா புதுசா சேந்த மாதிரி எழுதிக்குவாங்க. இருவது வருசம் வேலை பாத்தாலும் புதுசுதான்." திரையைக் கையால் காட்டினாள். "தண்ணிக்கும் வந்துருச்சா."

தொலைபேசி அடித்தது. அர்ஜித். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "சார், நீங்க பண்ணினது சாதாரண விஷயமில்ல. அந்தப் பிற விவரத்தை மட்டும் காலியா விட்டிருந்தீங்கன்னா மெஷின் பூஜ்யம்னு போட்டிருக்கும். அத்தனை ஆலையும் நின்னிருக்கும். இந்த நேர்மையை எப்படிப் பாராட்டறதுன்னே தெரியல."

அறை சின்னது, தொலைபேசி ஒலிபெருக்கியில் வேறு இருந்தது. சஷ்டிகா எல்லாவற்றையும் கேட்டாள். எழுந்து நின்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இல்லைன்னு போடச் சொன்னேனே சார்" என்றாள். கோபம் இல்லாமல், இட்லிக்கு உப்புப் போட மறந்தவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள். வெளியே போய்விட்டாள்.

அதன் பிறகு நடந்தவை இவ்வளவுதான்.

அர்ஜித் ஆணையத்தின் தலைவரானார். பத்து மாத நெறிமுறை இப்போது ஒன்பது மாநிலங்களில் இருக்கிறது. ஆலைகள் எதுவும் நிற்கவில்லை. வரம்பு இல்லாமல் போனதால் பொருளின் அணுவை மாற்றுகிற வேலையும் அவர்களுக்கு மிச்சம். மிதுன் தேர்தலில் மறுபடியும் வென்றார். கும்பிடும்போது கை நடுங்குவதால் பணிவானவர் என்று பெயர் வாங்கினார். போன ஆண்டு இறந்துபோனார். நிலானிக்கு வெள்ளகோவில் பக்கம் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்கும் கை நடுக்கம். மூன்று முடிச்சையும் நாத்தனாரே போட்டாள். குழந்தை இல்லை. சஷ்டிகா இப்போது வேலைக்குப் போவதில்லை. கரண்டியால் சாப்பிடுகிறாள். என்னிடம் அதற்குப் பிறகு பேசவில்லை. எனக்குச் சிறந்த பணியாளர் விருது கொடுத்து ஓய்வில் அனுப்பினார்கள். தஞ்சாவூரில் தம்பி வீட்டில் இருக்கிறேன். பொத்தான் இல்லாத சட்டை போட்டுக்கொள்கிறேன்.

தும்பிவலசில் வரும் தை மாதம் ஆறாவது முறையாகக் குழாயை ஒரு நாள் நிறுத்துவார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வரும்.